ஏஐ உதவியாளரைக் கொண்டு மருத்துவ நூலகத்தில் தேடுவது: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு சிறிய படிப்பகத்தில் அமர்ந்து, வீட்டில் உள்ளவர்களின் நோயைப் பற்றித் தேட வருகிறவர்களுக்கு நான் உதவி வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் செம்பனைத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துக்குக் குடிவந்த குடும்பத்தினர். தாதிமைப் படிப்புப் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஏஐ உதவியாளரிடம் நேராக விடையையே கேட்டுவிடுகிறார்கள். அதுவும் சரளமாக ஒரு விடையைத் தந்துவிடுகிறது. அந்த விடை எந்த ஆய்விலிருந்து வந்தது என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இங்கே கூறப்படும் முறை வேறு. உதவியாளரைத் தேடித் தருவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். கிடைத்ததை நாமே திறந்து படிக்கிறோம். படித்ததை மருத்துவரிடம் கொண்டு போகிறோம். தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன். ஒரு பெண் தன் அப்பாவுக்காகக் கேட்டது அது: கிளினிக்கில் கொடுத்த மெட்ஃபார்மின், கிளிக்லசைட் மாத்திரைகளோடு அப்பா தினமும் காலையில் பாகற்காய்ச் சாறு குடிக்கிறார், அது சரியா?

1. கணினியைத் திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

மருந்து உறைகளை அப்படியே எடுத்து வாருங்கள். "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று" என்று சொன்னால் எந்த நூலகத்திலும் தேட முடியாது. உறையின் மேல் ஒட்டிய சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் அச்சாகியிருக்கும். அந்தப் பெயரை எழுத்துப் பிசகாமல் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளியாக இருந்தால் கிளினிக்கின் பதிவுப் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். அதிலுள்ள எண்கள் 9ஆம் படியில் தேவைப்படும்.

நோயாளியின் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு முகவரி ஆகியவற்றை உதவியாளரிடம் தட்டச்சு செய்யாதீர்கள். பரிசோதனை அறிக்கையைப் படம் எடுத்து அப்படியே ஏற்றுவதும் வேண்டாம், அதன் தலைப்பில் இவை எல்லாம் இருக்கும். தேடலுக்கு வயது, நோய், மருந்து ஆகியவையே போதும்.

2. கேள்வியைத் தாளில் நான்கு கூறாக எழுதுங்கள்

யாருக்கு, எதைக் கொடுத்து, எதனோடு ஒப்பிட்டு, என்ன விளைவைப் பார்க்கிறோம் என்பவையே அந்த நான்கு கூறுகள். நம் எடுத்துக்காட்டில் முதற்கூறு, இரண்டாம் வகை நீரிழிவுள்ள, மாத்திரை எடுக்கும் பெரியவர். இரண்டாவது பாகற்காய். மூன்றாவது, பாகற்காய் இல்லாமல் மாத்திரை மட்டும். நான்காவது கூறில்தான் அந்தப் பெண் நெடுநேரம் நின்றார். "சர்க்கரை குறையுமா என்று பார்க்க வேண்டும்" என்று முதலில் எழுதினார். சற்று யோசித்துவிட்டு, "மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடுமா?" என்று கீழே இன்னொரு வரி சேர்த்தார்.

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள், இரண்டையும் தனித்தனியாகத் தேட வேண்டும். கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கச் செய்யும் மருந்து. ஆகையால் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் அபாயம் அதற்கு உண்டு. மெட்ஃபார்மினை மட்டும் எடுக்கிறவர்களுக்கு அந்த அபாயம் குறைவு. தாளில் எழுதாமல் நேரே கணினிக்குப் போனவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைத் தவறவிட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பாகற்காய் நல்லதா என்று மட்டும் கேட்டால், நல்லது என்று சொல்லும் பக்கங்களே வந்து குவியும்.

3. நம் வழக்குச் சொல்லை நூலகத்தின் சொல்லாக மாற்றுங்கள்

மருத்துவ நூலகங்கள் ஆங்கிலத்தில் அட்டவணைப்படுத்தப்பட்டவை. மருத்துவக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட் என்ற இணைய நூலகத்தில் மெஷ் எனப்படும் நிலையான தலைப்புச் சொற்களின் பட்டியல் உண்டு. நூலகப் பணியாளர்கள் 1960 முதல் பேணிவரும் அந்தப் பட்டியலின்படியே கட்டுரைகள் அடுக்கப்படுகின்றன. நாம் வீட்டில் பேசும் தமிழும் மலாயும் கலந்த சொற்கள் அங்கே செல்லுபடியாகா. இந்த மாற்றத்தைச் செய்து தருவதில் ஏஐ உதவியாளர் மிகவும் பயன்படுகிறது.

உதவியாளரிடம் இப்படிக் கேளுங்கள்: "பாகற்காய்க்குரிய தாவரவியல் பெயர், ஆங்கில வழக்குப் பெயர்கள், மெஷ் தலைப்பு ஆகியவற்றைத் தா. விளக்கம் வேண்டாம்." மொமோர்டிகா கரன்டியா என்ற தாவரவியல் பெயரும், பிட்டர் மெலன், பிட்டர் கோர்ட் என்ற வழக்குப் பெயர்களும் வரும். மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்; ஒரு கட்டுரையாளர் ஒன்றையும் மற்றவர் வேறொன்றையும் பயன்படுத்தியிருப்பார்.

மிசாய் குச்சிங் எனப்படும் பூனைமீசைச் செடியைப் பற்றித் தேடுகிறவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதற்கு ஆர்த்தோசிஃபோன் ஸ்டாமினியஸ், ஆர்த்தோசிஃபோன் அரிஸ்டாட்டஸ் என்று இரண்டு தாவரவியல் பெயர்கள் புழங்குகின்றன; ஒன்றை மட்டும் தட்டச்சு செய்தால் மற்றப் பெயரில் வெளிவந்த ஆய்வுகள் கண்ணில் படாமலே போகக்கூடும். கென்சிங் திக்குஸ் என்று நாம் சொல்லும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலை லெப்டோஸ்பைரோசிஸ் என்றே தேட வேண்டும்.

நோயின் பெயரில் இன்னொரு சிக்கல் உண்டு. "வாதம்" என்று பாட்டி சொன்னால் அது பக்கவாதமா, முடக்குவாதமா? முன்னது மூளைக்குப் போகும் ரத்தம் தடைப்படுவதால் அல்லது மூளையில் ரத்தக் கசிவு ஏற்படுவதால் வருவது, பின்னது மூட்டுகளைத் தாக்குவது. உதவியாளர் இரண்டில் ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்ததைச் சொல்லாமல் மேலே போய்விடும். ஆகவே கிளினிக் அட்டையில் மருத்துவர் எழுதிய சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்.

4. எந்த நூலகத்தில் தேடுவது, உதவியாளர் உண்மையில் அங்கே போகிறதா

பப்மெட் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இலவசத் தேடுதளம். 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் அதில் உள்ளன. அங்கே கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே. முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைப்பவற்றைத் தனியே வடிகட்டிக் காணலாம். காக்ரேன் நூலகம் ஒரே கேள்வியைப் பற்றி வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் தொகுப்பாய்வுகளுக்கானது. அதன் எளிய நடைச் சுருக்கங்களில் பல மலாயிலும் கிடைக்கின்றன. நம் நாட்டில் ஒரு நோய்க்கு எப்படிச் சிகிச்சை தரப்படுகிறது என்பதை அறியச் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டி நூல்களைப் பாருங்கள். இரண்டாம் வகை நீரிழிவுக்கான ஆறாம் பதிப்பு 2020இல் வந்தது.

உதவியாளர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நீங்கள் கேட்டவுடன் நூலகத்துக்குள் சென்று தேடி, கண்ட கட்டுரைகளின் இணைப்புகளோடு திரும்பும். மற்றது, முன்பு பயின்றவற்றின் நினைவிலிருந்து வாக்கியங்களை அமைத்துத் தரும். இரண்டின் தமிழும் ஒன்றுபோலவே இருப்பதால் படித்துப் பார்த்து வேறுபாடு காண இயலாது. "இப்போது பப்மெட்டில் தேடினாயா? தேடியிருந்தால் பயன்படுத்திய தேடல் வரியையும் ஒவ்வொரு கட்டுரையின் இணைப்பையும் தா" என்று கேட்டு, வந்த இணைப்புகளில் இரண்டைச் சொடுக்கிப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், அந்த உதவியாளரைச் சொல் மாற்றத்துக்கும் தேடல் வரி அமைப்பதற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, தேடலை நீங்களே செய்யுங்கள்.

5. விடையைக் கேட்காதீர்கள், தேடல் வரியைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள். உதவியாளரிடம் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"இரண்டாம் வகை நீரிழிவுள்ள பெரியவர்களுக்குப் பாகற்காய் கொடுத்து மனிதர்களிடம் நடத்திய ஆய்வுகளைத் தேட வேண்டும். பப்மெட் பெட்டியில் ஒட்டத்தக்க ஒரு தேடல் வரியை ஆங்கிலத்தில் எழுதித் தா. ஒவ்வொரு சொல்லையும் ஏன் சேர்த்தாய் என்று தமிழில் ஒரு வரி சொல். மருத்துவ ஆலோசனை வேண்டாம்."

வந்த வரியில் மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது, ஒரே பொருளுக்கான பெயர்கள் எல்லாம் 'ஆர்' (அல்லது) என்ற ஆங்கில இணைப்புச் சொல்லால் சேர்க்கப்பட்டு, ஓர் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும்; நோய்க்கான பெயர்கள் வேறோர் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும்; இரண்டு அடைப்புக்குறிகளுக்கும் நடுவில் 'அண்ட்' (மற்றும்) இருக்க வேண்டும். பப்மெட் இணைப்புச் சொற்களை இடமிருந்து வலமாகவே செயல்படுத்துவதால், அடைப்புக்குறி விடுபட்டால் பாகற்காயைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோ மட்டும் பேசும் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து கொட்டும்.

இரண்டாவது, அந்த இணைப்புச் சொற்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். கைப்பேசியில் தட்டச்சு செய்கிறவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள்.

மூன்றாவது, இரட்டை மேற்கோள் குறிகள் எங்கெங்கே உள்ளன என்று பாருங்கள். மேற்கோளுக்குள் அடைத்த தொடரை பப்மெட் அப்படியே தேடும். அதற்கு நிகரான பிற சொற்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ஒரே ஒரு தொடரை மேற்கோளுக்குள் வைத்துவிட்டு, "இவ்வளவுதானா, ஆய்வு அதிகம் நடக்கவில்லை போலிருக்கிறது" என்று எழுந்து போனவர்கள் உண்டு.

6. தேடலை நீங்களே ஓட்டி, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்

வரியைப் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள். தேதி, தேடல் வரி, வந்த முடிவுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் தொடரும்போது எங்கே விட்டோம் என்பது அப்போதுதான் தெரியும்.

பிறகு பக்கவாட்டில் உள்ள வடிகட்டிகளில் தொகுப்பாய்வுகளை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒரு கேள்விக்கு நல்ல தொகுப்பாய்வு ஒன்று கிடைத்துவிட்டால், தனித்தனி ஆய்வுகளைத் தேடி ஓடும் வேலை பெருமளவு குறையும். தொகுப்பாய்வு இல்லையென்றால் மட்டும், மனிதர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வுகளுக்குப் போங்கள்.

7. ஒவ்வொரு கட்டுரையையும் அதன் எண்ணைக் கொண்டு சரிபாருங்கள்

பப்மெட்டில் உள்ள ஒவ்வொரு கட்டுரைக்கும் பிஎம்ஐடி என்ற தனி எண் உண்டு. உதவியாளர் ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டால் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, பப்மெட் பெட்டியில் அதை மட்டும் தட்டச்சு செய்து, வருகிற தலைப்பையும் ஆண்டையும் உதவியாளர் சொன்னதோடு ஒப்பிடுங்கள்.

தாதிமை மாணவி ஒருத்தி இந்தப் படியைச் செய்துகொண்டிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இந்த நம்பர் மீனப் பத்தி ஏதோ காட்டுது." உதவியாளர் தந்த தலைப்பு நீரிழிவால் காலில் வரும் புண்ணைப் பற்றியது, ஆண்டும் இதழின் பெயரும்கூட நம்பும்படியாக இருந்தன. அந்த எண்ணுக்குரிய உண்மையான கட்டுரையோ மீன்களின் செவுள்களைப் பற்றியது. தலைப்பைத் தனியாகத் தேடியும் பார்த்தோம். அப்படி ஒரு கட்டுரை அங்கே இல்லை. அவள் அதை ஒப்படைப்பில் எழுதிவிடாமல் இருந்ததற்குக் காரணம், ஒரு நிமிடம் செலவழித்து அந்த எண்ணைத் தட்டச்சு செய்ததுதான்.

இல்லாத கட்டுரையையும் பொருந்தாத எண்ணையும் இப்படி எளிதில் பிடித்துவிடலாம். மிகவும் ஆபத்தானது மூன்றாவது வகைப் பிழை: கட்டுரை உண்மையானது, எண்ணும் சரி, ஆனால் உதவியாளர் சொன்ன செய்தி அதில் இல்லை. இதைப் பிடிக்க, "நீ சொன்னதற்கு ஆதாரமான வாக்கியத்தைச் சுருக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுத்து மாறாமல் எடுத்துத் தா" என்று கேளுங்கள். வந்த வாக்கியத்திலிருந்து நான்கைந்து சொற்களை எடுத்து, கட்டுரைப் பக்கத்தில் கண்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தித் தேடுங்கள். அகப்படாவிட்டால் அந்தச் செய்தியை நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள்.

8. சுருக்கத்தில் எதைப் படிப்பது

ஆய்வு யாரிடம் நடந்தது, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள். மூலிகைகளைப் பற்றிய ஆய்வுகளில் பல எலிகளிடம் நடத்தப்பட்டவை. உதவியாளர் சுருக்கிச் சொல்லும்போது அந்த எலி மறைந்துபோய், "சர்க்கரையைக் குறைக்கிறது" என்பது மட்டும் மிஞ்சும்.

நம் எடுத்துக்காட்டில் காக்ரேன் நூலகத்தின் 2012ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று கிடைத்தது. அதில் சேர்ந்தவை 4 ஆய்வுகள், பங்கேற்றவர்கள் 479 பேர், மிக நீண்ட ஆய்வும் 3 மாதந்தான். இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பாகற்காயைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு. உதவியாளர் இதை "பாகற்காயால் பயனில்லை என்று நிரூபிக்கப்பட்டுள்ளது" என்று தமிழில் தந்தது. ஆதாரம் போதவில்லை என்பதும் பயனில்லை என்பதும் ஒன்றல்ல. முன்னதில் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. இந்த வேறுபாட்டை அந்தப் பெண்ணுக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரத்தை வீணென்று நான் எண்ணவில்லை.

ஆண்டையும் பாருங்கள். 2012க்குப் பிறகு புதிய ஆய்வுகள் வந்திருக்கலாம் என்பதால், அதே தேடல் வரியில் 2013 முதல் என்று ஆண்டை வடிகட்டி இன்னொரு முறை ஓட்டுங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு இருந்தால் பப்மெட் பக்கத்தின் மேலேயே அது தெரியும். அத்தகைய கட்டுரையை முற்றாக ஒதுக்கிவிடுங்கள்.

9. எண்களை நம் நாட்டு அளவைக்குக் கொண்டுவாருங்கள்

மலேசியக் கிளினிக்குகளில் ரத்தச் சர்க்கரையை லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் எழுதுகிறார்கள். அமெரிக்க, இந்தியப் பக்கங்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் எழுதுகின்றன. இணையத்தில் தமிழில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருவதால், 126 என்று அங்கே படித்துவிட்டு, வீட்டுக் கருவி காட்டும் 7.0ஐ மிகக் குறைவு என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்களுடைய எண் வரும்: 7.0ஐப் பெருக்கினால் 126. சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பதற்கான எல்லையாகிய 3.9 அங்கே 70 ஆகும்.

எல்லைகளே சில இடங்களில் வேறுபடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் நீரிழிவு என்று முடிவு செய்ய உலக சுகாதார நிறுவனம் கொள்ளும் எல்லை 6.5 விழுக்காடு, மலேசிய வழிகாட்டியின் ஆறாம் பதிப்பில் அது 6.3. உதவியாளரிடம் நாட்டைக் குறிப்பிடாமல் கேட்டால் பெரும்பாலும் 6.5 என்றே சொல்லும். ஆகவே ஒவ்வொரு எண்ணைக் கேட்கும்போதும் "மலேசிய வழிகாட்டியின்படி" என்று சேர்த்து, பிறகு அந்த வழிகாட்டியையே திறந்து பாருங்கள்.

நோய் விகிதங்களுக்கும் இதுவே. நம் தேசிய உடல்நல ஆய்வில் 2019இல் பெரியவர்களிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, 2023இல் 15.6. ஆண்டைச் சொல்லாமல் ஒரு விழுக்காட்டை மட்டும் தந்தால் அதை எழுதிக்கொள்ளாதீர்கள்.

10. தமிழ் மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டிய சொற்கள்

ஆங்கிலச் சுருக்கத்தை உதவியாளரைக் கொண்டு தமிழாக்கிப் படிப்பதில் தவறில்லை. பல வீடுகளில் வேறு வழியும் இல்லை. சில சொற்கள் மட்டும் மீண்டும் மீண்டும் தவறாக வருகின்றன.

"பாசிட்டிவ்" என்பதை "நேர்மறை" என்று தருகிறது. டெங்கிப் பரிசோதனை நேர்மறை என்று படித்த ஒரு தாய், நல்ல செய்தி என்றே எண்ணினார். பரிசோதனை தேடிய டெங்கி அடையாளம் தென்பட்டது என்பதே அதன் பொருள். "கல்ச்சர்" பரிசோதனை "கலாச்சாரச் சோதனை" ஆகிவிடுகிறது. அது கிருமியை வளர்த்துப் பார்ப்பது. "டிரையல்" நீதிமன்ற விசாரணையாகிறது, "டிரக்" போதைப்பொருளாகிறது. இவை வெளிப்படையாகத் தெரிவதால் பெரிய தீங்கில்லை.

"சிக்னிஃபிகண்ட்" என்ற சொல்லில்தான் பெரிய தீங்கு. அதை "குறிப்பிடத்தக்க" அல்லது "முக்கியமான" என்று மொழிபெயர்க்கிறது. படிப்பவர் பெரிய முன்னேற்றம் என்று கொள்கிறார். ஆய்வு மொழியில் அதன் பொருள், உண்மையில் வேறுபாடே இல்லையென்றால் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வருவது அரிது என்பதுதான். வேறுபாடு மிகச் சிறியதாகவும் இருக்கலாம். அச்சொல் வரும் இடத்திலெல்லாம், "எவ்வளவு குறைந்தது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பைக் கேட்கும்போதே, "மருத்துவச் சொற்களை மொழிபெயர்க்காமல் ஆங்கிலச் சொல்லாகவே தமிழ் எழுத்தில் வை" என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

11. கிளினிக்குக்குக் கொண்டுபோகும் தாள்

ஒரே ஒரு தாள். அதில் மூன்று பகுதிகள் போதும். நோயாளி எடுக்கும் எல்லா மருந்துகளும், சாறு, மூலிகை உட்பட, அளவோடு முதலில் வரட்டும். அடுத்து, கண்ட கட்டுரைகளில் இரண்டு, அவற்றின் பிஎம்ஐடி எண்களோடு. இறுதியில் கேள்விகள், இரண்டுக்கு மேல் வேண்டாம். கேள்விகளை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரும்படி உதவியாளரைக் கேட்கலாம். கிளினிக் கெசிஹத்தான் எனப்படும் அரசாங்கக் கிளினிக்கில் வரிசை நீளமாக இருக்கும், மருத்துவருக்குப் படிக்கக் கிடைப்பது சில நிமிடங்களே.

மருத்துவரைக் காணும் வரை மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. தேடலில் எது கிடைத்திருந்தாலும் இது மாறாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் செயலிழத்தல், மாத்திரை எடுத்தவருக்கு வியர்த்து நடுங்கி மயக்கம் வருதல் ஆகியவற்றுக்குத் தேடவே தேடாதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.

அந்தப் பெண்ணின் தாளில் முதற்கேள்வி, பாகற்காய்ச் சாறும் கிளிக்லசைட்டும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குமா என்பது. இரண்டாவது, காலைச் சாற்றுக்கு முன்னும் பின்னும் வீட்டில் சர்க்கரை பார்த்து எழுதி வந்தால் அது உதவுமா என்பது. தாளை மடித்து அப்பாவின் பதிவுப் புத்தகத்துக்குள் வைத்து, மருந்து உறைகளோடு சேர்த்து ரப்பர் பட்டை போட்டு எடுத்துப் போனார்.